முப்பத்தொன்றாம் அறையின் பூட்டு

மார்ச் 4, திங்கள்

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். ரத்த அழுத்தம் நூற்று அறுபதுக்கு நூறு. "ஆபீஸ்ல கத்தறதை நோட்டுல கத்துங்க" என்றார். கத்துகிறேன்.

ஜெனிதா. நாகர்கோவில்காரி, இருபத்தெட்டு வயது. பெங்களூரில் நான்கு வருடம் குப்பை கொட்டிவிட்டு எங்கள் கம்பெனியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. நாங்கள் கதவுப் பூட்டு செய்கிறோம். விரல் வைத்தால் திறக்கும். விரல் ஒத்துவரவில்லையென்றால் நான்கு இலக்க எண்ணை அழுத்தித் திறக்கலாம். பூட்டுக்குள் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர். அதன் அடிமட்டத்தில், கர்னல் என்கிற இடத்தில், விரலையும் எண்ணையும் வாங்கிச் சரிபார்க்கும் நிரலை ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் ஒற்றை ஆளாக எழுதினேன். இன்று நாலாயிரம் கதவுகளில் ஓடுகிறது. ஒரு கதவும் விழுந்துவிடவில்லை.

இந்தப் பெண் இன்று குழுவில் இருக்கும் பதினேழு பேருக்கும் மெயில் போட்டிருக்கிறாள். "இந்த நிரல் கர்னல் நினைவகத்தில் கிடப்பதை வெளியே கசியவிடுகிறது. உடனே திருத்த வேண்டும்." முதலில் என்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். இரண்டு முறை வந்தாள்தான். நான் வேலையாக இருந்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

மீட்டிங். மேனேஜர் பத்ரிக்கு நிரல் எழுதத் தெரியாது, கேட்கத் தெரியும். "என்ன கசியுதுன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா" என்றார்.

"லாட்ஜ் ரூம் மாதிரி சார். ஒருத்தர் தங்கிட்டுப் போறார். நாம ரூமைக் கூட்டிப் பெருக்காம, பெட்ஷீட் மாத்தாம அடுத்த ஆளுக்குச் சாவி குடுக்கறோம். முன்னாடி இருந்தவரோட சாமான் அங்கேயே கிடக்கு."

"நம்ம கேஸ்ல யாரு அந்த முன்னாடி இருந்தவரு?"

"கதவு எண் சார். யாராவது எண்ணை அழுத்தினா அது கர்னல்ல ஒரு இடத்துல கொஞ்ச நேரம் நிக்கும். சரிபார்த்ததும் வேலை முடிஞ்சுது. ஆனா அழியறதில்ல. அடுத்து யாரோ விரல் வச்சு ஒத்துவரலன்னா, 'ஒத்துவரலை'ன்னு சொல்ல ஒரு ஸ்ட்ரக்ட், கட்டம் போட்ட பாரம் மாதிரி, வெளியே போகுது. அது அதே இடத்துலதான் உருவாகுது. அதுல அஞ்சு கட்டம் இருக்கு. நாம ரெண்டைத்தான் நிரப்பறோம். மத்ததுல பழசு அப்படியே போயிடுது. மேல இருக்கற ஆப் அதை அப்படியே லாக்ல, அதாவது பூட்டோட பதிவேட்டுல எழுதிடுது."

பத்ரி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "நாம லாட்ஜ் நடத்தல, பூட்டு செய்யறோம். நடந்தா காட்டும்மா, கதை சொல்லாதே" என்றேன்.

காட்டினாள். மேஜை மேல் இருந்த சோதனைப் பூட்டில் பத்ரியையே ஓர் எண்ணை அழுத்தச் சொன்னாள். பிறகு அவள் தன் விரலை வைத்தாள், ஒத்துவரவில்லை. லாக் கோப்பைத் திறந்தாள். வலது ஓரத்தில் புள்ளிகளுக்கு நடுவே 2580.

பத்ரியின் சிரிப்பு நின்றது. "நாச்சிமுத்து, பாத்துருங்க" என்றார்.

பார்க்கிறேன். எனக்குச் சொல்லித்தர ஒரு ஆள் வந்துவிட்டாள்.

மார்ச் 8, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. ஸ்கூட்டர் பிரேக்கைச் சரிசெய்யக் கொடுத்தேன். ஆபீஸில் மெயில் பெட்டி நிரம்பிவிட்டதாக ஒரு எச்சரிக்கை. பழையதையெல்லாம் உட்கார்ந்து அழித்தேன். 2021 முழுக்க.

மார்ச் 14, வியாழன்

திருத்திவிட்டேன். ஐந்து கட்டங்களுக்கும் ஆரம்பத்திலேயே பூஜ்யம் போட்டாகிவிட்டது. எல்லாப் பூட்டுக்கும் அப்டேட் அனுப்பியாகிவிட்டது. அரை மணி நேர வேலை, இதற்குப் பத்து நாள் ஆர்ப்பாட்டம்.

மாலை நான்கு மணிக்கு மறுபடியும் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"சார், இன்னும் கசியுது."

"அஞ்சும் பூஜ்யம். கண்ணு தெரியலையா?"

"கட்டம் அஞ்சும் பூஜ்யம் சார். கட்டங்களுக்கு நடுவுல இருக்கற இடைவெளி? முதல் கட்டம் ஒரு பைட். ரெண்டாவது நாலு பைட். கம்பைலர் ரெண்டுக்கும் நடுவுல மூணு பைட்டை ஒழுங்குக்காகச் சும்மா விடும். அந்த மூணுக்கு நாம பேரே வைக்கல, அதனால யாரும் அதுல பூஜ்யம் எழுதறதும் இல்ல. ஆனா வெளியே அனுப்பறப்போ அதையும் சேர்த்துத்தான் அனுப்பறோம்."

"மூணு பைட்டை வச்சு என்ன பண்ணுவான்?"

"எண்ல மூணு இலக்கம் சார். நாலாவதுக்குப் பத்து தடவை போட்டுப் பாத்தாப் போதும்."

"அஞ்சு தடவை தப்பாப் போட்டா பூட்டு ஒரு நிமிஷம் வேலை செய்யாது. நான்தான் எழுதினேன்."

"அப்போ ஒரு நிமிஷம் நிக்கணும் சார். அவ்வளவுதான்."

அவள் சொல்வது ஒரே வரி. கட்டம் கட்டமாக நிரப்புவதற்கு முன்னால், இடைவெளியும் சேர்த்து மொத்த இடத்தையும் ஒரே வீச்சில் பூஜ்யமாக்குவது. எழுதியும் கொண்டு வந்திருந்தாள். நான் நிராகரித்தேன். காரணம்: வேகம் குறையும்.

"அளந்து பாத்தேன் சார். கண் இமைக்கற நேரத்துல லட்சத்துல ஒரு பங்குகூட இல்ல."

"நிராகரிச்சாச்சு" என்றேன். பக்கத்து மேஜைகள் திரும்பிப் பார்த்தன. கத்தினேன் போலிருக்கிறது.

மார்ச் 28, வியாழன்

வருட மதிப்பீடு. ஜெனிதாவுக்கு ஐந்துக்கு இரண்டு. குறிப்பு: "திறமை உண்டு. குழுவோடு ஒத்துப்போகும் குணம் இல்லை. சிறு விஷயங்களைப் பெரிதாக்கிப் பரபரப்பு உண்டாக்குகிறார். மூத்தவர்கள் மீது தனிப்பட்ட மனக்கசப்பு." மனதில் பட்டதைத்தான் எழுதினேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைப் பிறப்பு. மனைவி பூங்கொடி மாங்காய்ப் பச்சடியில் வெல்லத்தைக் குறைத்துவிட்டாள், டாக்டர் உத்தரவாம். என்னை மாத்திரை போட வைத்துவிட்டு, "அந்த நாரோயில் புள்ளயோட இப்ப சண்டை இல்லீங்களா?" என்றாள்.

"யாரு சண்டை போட்டா?"

"நீங்கதானுங்க. தூக்கத்துல 'நிராகரிச்சாச்சு'ங்கறீங்க."

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டேன். வரிசை நீளம். வெயில்.

மே 7, செவ்வாய்

பத்ரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு ஹாஸ்டல், அறுபத்திரண்டு அறை, எல்லாக் கதவிலும் நம் பூட்டு. நேற்று மதியம் முப்பத்தொன்றாம் அறையில் இருக்கும் பெண், பெயர் ரூபாவதி, ஆஸ்பத்திரியில் நர்ஸ், தலைவலியென்று டியூட்டியிலிருந்து சீக்கிரம் திரும்பியிருக்கிறாள். கதவைத் திறந்தால் உள்ளே கட்டிலில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவளுடைய அலமாரி திறந்து கிடக்கிறது. அவள் போட்ட கூச்சலில் மொத்த ஹாஸ்டலும் கூடிவிட்டது.

அவன் பூட்டு சர்வீஸ் பண்ணுகிற ஆள். நம் டீலரிடம் வேலை. மூன்று வாரத்துக்கு முன்னால் சர்வீஸுக்கு வந்தபோது எல்லாப் பூட்டின் லாக்கையும் பென்டிரைவில் எடுத்துப் போயிருக்கிறான். அது நடைமுறைதான்.

போலீஸில் அவன் சொன்னது: "அந்தப் பொண்ணுதான் வரச் சொல்லி நம்பர் குடுத்தது. ஆள் வந்ததும் மாத்திப் பேசுது."

பூட்டை உடைக்கவில்லை. எண்ணை அழுத்தித்தான் திறந்திருக்கிறான். அதனால் எல்லாரும் அவன் சொல்வதை நம்புகிறார்கள். ஸ்டேஷனிலேயே அவனை வெளியே விட்டுவிட்டார்கள்.

"பூட்டுல கோளாறு இல்லைன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க நாச்சிமுத்து. நீங்க எழுதினா எடுபடும்."

மே 8, புதன்

எழுதிக் கொடுத்தேன். "எங்கள் பூட்டு கதவு எண்ணை எந்தப் பதிவிலும் சேமிப்பதில்லை. பயனர் தானாகப் பகிராமல் பிறர் அறிய வழியில்லை." முதல் வரியில் பொய் இல்லை. சேமிப்பதில்லை என்பது உண்மை. அது தானாகப் போய் விழுவது வேறு.

பூங்கொடிக்குப் பல் வலி. நாளை கூட்டிப்போக வேண்டும்.

மே 10, வெள்ளி

முப்பத்தொன்றாம் அறைப் பூட்டின் லாக் என்னிடம் வந்தது. ஜெனிதா கேட்டாள். தரவில்லை. விசாரணை நடக்கும்போது தரக்கூடாது.

நான் திறந்து பார்த்தேன். ஏப்ரல் 11, விரல் ஒத்துவரவில்லை. வலது ஓரத்தில் மூன்று இலக்கம்.

மே 6, மதியம் 1.04. தவறான எண். தவறான எண். தவறான எண். தவறான எண். தவறான எண். ஒரு நிமிடம் பூட்டு முடக்கம். தவறான எண். தவறான எண். திறந்தது.

விரல் தவறியிருக்கலாம். ஏழு முறை தவறாது என்றும் சொல்ல முடியாது.

மே 13, திங்கள்

அந்தப் பெண் ஆபீஸுக்கே வந்துவிட்டாள். பத்ரி நழுவிவிட்டார். ரிசப்ஷனுக்கு என்னைத் தள்ளிவிட்டார்கள்.

இருபத்தாறு வயது இருக்கும். தர்மபுரிப் பக்கம். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் நான் எழுதிய அந்த ஒரு பக்கம். வெளியே பைக் அருகில் அவள் அண்ணன் நின்றான், உள்ளே வரவில்லை.

"இதை எழுதினது நீங்களா சார்?"

"கம்பெனி எழுதினது."

"கையெழுத்து?"

"என்னுது."

"இதுல நான்தான் குடுத்தேன்னு இருக்கு."

"அப்படி இல்லைம்மா. வழியில்லைன்னுதான் இருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்? வார்டன் ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரியில விசாரணை முடியற வரைக்கும் வராதேங்கறாங்க. நிச்சயமான கல்யாணமும் நின்னுடும்போல இருக்கு. அந்த நம்பரை நான் எங்கம்மாகிட்டகூடச் சொல்லல. எழுதி வைக்கல. அப்புறம் எப்படி அவனுக்குத் தெரியும்? அதை மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்."

"நீங்க அழுத்தறப்போ யாராவது எட்டிப் பாத்திருக்கலாம்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோயாளி எதையோ மறைக்கிறான் என்று தெரிந்த நர்ஸ் பார்க்கிற பார்வை. பிறகு அந்தக் காகிதத்தைக் கவரில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மே 14, செவ்வாய்

ஜெனிதா வார்டனுக்கு எழுதப்போவதாக ஹெச்.ஆரில் சொல்லியிருக்கிறாள். எழுதினால் ரகசிய ஒப்பந்தத்தை மீறியதாகக் கேஸ் போடுவோம் என்று மிரட்டி, லேப்டாப்பைப் பிடுங்கி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு நேரே டீ மெஷின் பக்கம் வந்தாள். நான் அங்கே நின்றிருந்தேன்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போறேன் சார். 2021 ஜூன். திருப்பூர் பனியன் கம்பெனி. மெயின்டெனன்ஸ் ஆள் சுப்பையன் ஒரு புகார் போட்டிருக்கார், ஸ்க்ரீனை போட்டோ எடுத்து. 'ஐயா, எங்க ஸ்டோர் ரூம் நம்பர் லாக்ல தெரியுது, பாருங்க'ன்னு. நீங்க மெயிலை அழிச்சிருக்கலாம். புகார்ப் பட்டியல் சர்வீஸ் டெஸ்க்ல தனியா இருக்கு. 'டிஸ்ப்ளே கோளாறு, கண்டுக்க வேண்டாம்'னு முடிச்சு வச்சது நீங்க."

டீ கப்பைக் கீழே வைத்தேன்.

"வெளியே போய்ச் சொல்ல வேண்டியதுதானேன்னு நீங்க நினைக்கலாம். சொன்னேன் சார், இன்னைக்குக் காலைல அந்த ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி. கம்பெனியில விசாரிச்சாங்களாம். பத்ரி சார் என் மதிப்பீட்டுப் பேப்பரை அனுப்பிட்டாராம். பரபரப்பு உண்டாக்கறவ, மூத்தவங்க மேல மனக்கசப்பு உள்ளவன்னு. அதுக்கு மேல என் பேச்சை யாரும் கேக்கல. நல்லா எழுதியிருந்தீங்க."

லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கிப் போனாள்.

மே 15, புதன்

சுப்பையன் அனுப்பிய போட்டோ எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறந்துவிட்டேன் என்று இந்த நோட்டில் எழுத நினைத்தேன். ஞாபகம் இருக்கிறது. கட்டைவிரல் பாதி மறைத்திருந்தது. எண் தெரிந்தது. அந்த வாரம் புது மாடல் வெளியீடு. கோளாறு என்று ஒத்துக்கொண்டால் தேதி தள்ளிப்போகும், என் நிரலில் என்று தெரியும். ஆறு வருடத்தில் ஒரு பிழைகூட இல்லாத நிரல் என்று அப்போதுதான் மேடையில் சொல்லியிருந்தார்கள். முடித்து வைத்தேன். மார்ச் 8 அன்று அந்த மெயிலைத் தேடிப்பிடித்துத்தான் அழித்தேன். மற்றவை அதோடு போனவை.

மே 17, வெள்ளி

சாப்பிட உட்கார்ந்தோம். பூங்கொடியிடம் சொன்னேன், எல்லாவற்றையும் அல்ல, ஹாஸ்டல் பெண் வந்ததை.

"அந்தப் புள்ள பொய் சொல்லுதுங்களா?"

"இல்ல."

"உங்களுக்கு அது தெரியுமுங்களா?"

"தெரியும்."

அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இப்படிப் போனதில்லை.

மே 20, திங்கள்

ஜெனிதாவின் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். சோதித்தேன். பூட்டில் நூறு முறை தப்பான விரலை வைத்துப் பார்த்தேன். வலது ஓரம் முழுக்க வெறும் புள்ளி. இதே மாதிரி வேறு எங்கே விட்டிருக்கிறேன் என்று ஒன்பது வருட நிரலை வரி வரியாகப் படித்தேன். இன்னும் நான்கு இடம். அவள் மார்ச்சிலேயே பதினொரு வரியைச் சிவப்பாக்கி அனுப்பியிருந்தாள். நான்கும் அதில் இருந்தன. நான் முதல் வரிக்கு மேல் படிக்கவில்லை.

அப்டேட் அனுப்ப பத்ரியிடம் அனுமதி கேட்டேன். "பைத்தியமா? இப்ப அனுப்பினா கோளாறு இருந்துச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. கேஸ் அடங்கட்டும்."

"நாலாயிரம் கதவு பத்ரி."

"ஒரு கதவுதான் திறந்திருக்கு. அதையும் அந்தப் பொண்ணுதான் திறந்து விட்டுச்சு. நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

அப்டேட் அனுப்பும் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. மூன்று மணிக்கு அனுப்பிவிட்டேன். முப்பத்தொன்றாம் அறையின் லாக்கையும், திருப்பூர்ப் புகாரையும் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மே 22, புதன்

தற்காலிக நீக்கம். வாசலில் செக்யூரிட்டி என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். தினமும் வணக்கம் வைக்கிறவர், இன்று வைக்கவில்லை.

ஜெனிதாவுக்குப் போன் செய்தேன். உங்கள் வரியைச் சேர்த்துவிட்டேன், உங்கள் பெயரைத்தான் போட்டிருக்கிறேன் என்றேன்.

"நான் கேட்டேனா சார்?"

"இல்ல."

"அந்த நர்ஸுக்கு எழுதிக் குடுத்தீங்களா?"

"நாளன்னிக்கு ஸ்டேஷன் போறேன்."

"ஏன், நாளைக்கு என்ன வேலை?" வைத்துவிட்டாள்.

நாளைக்கு ஒரு வேலையும் இல்லை.

மே 24, வெள்ளி

நேற்றுப் பத்து மணிக்கே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். எஸ்.ஐ. அம்மா இல்லை, இன்று வரச் சொன்னார்கள். ரூபாவதியையும் வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணனோடு வந்தாள். அவன் சுவரோரம் நின்றான். தங்கை உட்கார்ந்திருந்த பெஞ்சில் இடம் இருந்தது.

நான் இரண்டு பக்கம் கையால் எழுதியிருந்தேன். எஸ்.ஐ. படித்துவிட்டு, "இந்தக் கர்னல் கிர்னல் எல்லாம் எனக்குப் புரியல. வாயால சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். எண் உள்ளே ஒரு இடத்தில் தங்கும், அந்த இடத்தைத் துடைக்காமல் அடுத்த செய்திக்குப் பயன்படுத்தினேன், மூன்று இலக்கம் அதோடு ஒட்டிக்கொண்டு வெளியே போனது, சர்வீஸ் ஆள் அதை லாக்கில் பார்த்தான். நாலாவது இலக்கத்துக்காக வரிசையாகப் போட்டுப் பார்த்தான். லாக்கைக் காட்டினேன். ஏழு தவறு, நடுவில் ஒரு நிமிட முடக்கம், எட்டாவதில் திறந்தது.

எஸ்.ஐ. நிமிர்ந்தார். "நம்பரைக் குடுத்திருந்தா இவன் எதுக்கு ஏழு தடவை தப்பாப் போடறான்?"

"அதேதான் மேடம்."

"இது எப்பத்திலிருந்து உங்ககிட்ட இருக்கு?"

"பத்தாம் தேதியிலிருந்து."

கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு அந்த ஆளை மறுபடி தூக்கி வரச் சொன்னார். ரூபாவதி காகிதத்தைக் கேட்டு வாங்கினாள். மெதுவாகப் படித்தாள்.

"2021 ஜூன்லேயே தெரியும்னு போட்டிருக்கு."

"ஆமாம்மா."

"நான் இந்த ஊருக்கே வரல அப்போ." புரட்டினாள். "பதிமூணாம் தேதி உங்க ஆபீஸுக்கு வந்தேன். யாராவது எட்டிப் பாத்திருக்கலாம்னு சொன்னீங்க. அப்போ இது தெரியும்."

"தெரியும்."

மன்னிப்பு என்ற சொல்லை வீட்டிலிருந்தே தயார் செய்து கொண்டு போயிருந்தேன். வாயைத் திறந்தேன். கையை உயர்த்தி நிறுத்தினாள். ஊசி போடும்போது அசையாதே என்று சொல்வது போல.

"மேடம், இதுல எனக்கு நாலு ஜெராக்ஸ் வேணும்."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். "நீங்களே போய் எடுத்துட்டு வாங்க."

எதிர்க் கடையில் எடுத்து வந்தேன். வாங்கிக்கொண்டு பிரித்தாள். "இது ஆஸ்பத்திரிக்கு. இது வார்டனுக்கு. இது மாப்பிள்ளை வீட்டுக்கு." நாலாவதைக் கையில் வைத்திருந்தாள்.

"அது யாருக்கும்மா?" என்றார் எஸ்.ஐ.

ரூபாவதி எழுந்து போய் அதை அண்ணனிடம் நீட்டினாள். அவன் நிமிரவில்லை.

"படி" என்றாள்.

"விடு ரூபா. அதான் தெரிஞ்சுபோச்சே."

"சத்தமாப் படிண்ணா. அன்னைக்கு ஹாஸ்டல் வாசல்ல என்னைக் கேட்டியே, எத்தனை நாளா பழக்கம்னு, அவ்வளவு சத்தமாப் படி."

ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். "நாச்சிமுத்து ஆகிய நான், வயது நாற்பத்தெட்டு..." குரல் உடைந்தது. அவள் காத்திருந்தாள். அவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். உட்காரலாமா என்று நான் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் முடியும்வரை நின்று கேட்டேன்.